சேர்வராயன் மலையில் ஒரு மரம் சாய்ந்தால்

2024 நவம்பர் 30 அன்று இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கடலோர மாவட்டங்களோடு ஓயவில்லை. வலுக்குறைந்து உள்மாவட்டங்களுக்குள் மெல்ல நகர்ந்து, போன வழியெல்லாம் கொட்டித் தீர்த்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை பதிவானது. சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காட்டில் 20 சென்டிமீட்டரைத் தாண்டியது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் மலைப்பாதையில் மண் சரிந்து, பாறைகள் உருண்டன.

செய்திகளில் இது ஒரே பேரிடர். மலைக்கோ ஒரே மழை பல விதமாக வந்து சேர்கிறது. அது சோலைக்குள் ஒரு முதிய மரத்தைச் சாய்க்கும்; சாலைக்காகச் செங்குத்தாக வெட்டிய சரிவைப் பெயர்க்கும்; காபித் தோட்டத்தில் நிழல்மரத்தின் கிளையை முறிக்கும்; பழைய சுரங்கக் குழியிலிருந்து செம்மண்ணை அரித்துக்கொண்டு ஓடும். இவற்றுள் சில, ஐந்தாறு ஆண்டுகளில் ஆறிவிடும். சில, நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் ஆறா. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது, ஏற்காட்டை நேசிக்கும் ஒவ்வொருவருக்கும் தேவை என்று நினைக்கிறேன்.

குலைவு என்னும் இயற்கை விதி

காடு தன் போக்கில் விடப்பட்டால் படிப்படியாக வளர்ந்து, ஒரு முதிர்ந்த நிலையை எட்டி, அப்படியே நிலைத்து நிற்கும் என்று நூறு ஆண்டுகளுக்கு முன் அறிவியலாளர்கள் பலர் நம்பினார்கள். அமெரிக்கத் தாவரவியலாளர் ஃபிரெடரிக் கிளமெண்ட்ஸ் 1916-ல் எழுதிய நூல் இந்தக் கருத்துக்கு வலுவான வடிவம் கொடுத்தது. அந்தப் பார்வையில் புயலும் தீயும் வெள்ளமும் வெளியிலிருந்து வந்து காட்டின் வளர்ச்சியைத் தடுக்கும் விபத்துகள்.

களத்தில் காடுகளை நெடுங்காலம் கவனித்தவர்கள் கண்டதோ வேறு. எந்தக் காடும் முழுக்க அமைதியாக இருப்பதில்லை. எங்கோ ஒரு மரம் விழுந்துகொண்டே இருக்கிறது. எங்கோ ஒரு சரிவு பெயர்கிறது. எங்கோ தீ ஓடுகிறது. 1985-ல் சூழலியலாளர்கள் ஸ்டூவர்ட் பிக்கெட், பீட்டர் ஒயிட் இருவரும் தொகுத்த நூல், சூழல் குலைவுக்கு இன்றுவரை பயன்படும் வரையறையைத் தந்தது. ஓர் உயிர்ச் சமூகத்தின் கட்டமைப்பைக் கலைத்து, அங்குள்ள வளங்களையும் இடத்தையும் பௌதிகச் சூழலையும் மாற்றிவிடுகிற, குறிப்பிட்ட காலத்துக்குள் நிகழும் எந்த நிகழ்வும் குலைவுதான். இந்த வரையறை குலைவை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லவில்லை. அது எத்தனை பெரிது, எவ்வளவு வலியது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது என்று அளந்து பார்க்கச் சொல்கிறது.

இந்த மூன்று அளவைகளோடு நான்காவதாக ஒன்றும் உண்டு: குலைவுக்குப் பின் என்ன மிஞ்சுகிறது? சேர்வராயன் மலையைப் புரிந்துகொள்ள இந்த நான்காவது கேள்விதான் மிகவும் உதவுகிறது.

சோலைக்குள் ஒரு திறப்பு

சேர்வராயன், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு தனித் தொகுதி. சேலம் சமவெளியிலிருந்து எழுந்து, உச்சியில் 1,600 மீட்டரை எட்டுகிறது. அடிவாரத்தில் முட்புதரும் இலையுதிர்காடும். மேலே போகப்போக ஈரம் கூடி, பள்ளங்களிலும் ஓடையோரங்களிலும் பசுமைமாறாச் சோலைத் துண்டுகள். ஒரு காலத்தில் மேற்பகுதியில் பரந்திருந்த சோலை, இன்று காபித் தோட்டங்களுக்கு நடுவிலும் மலையாளிப் பழங்குடியினரின் கோயில்காடுகளிலும் சிறு சிறு துண்டுகளாக நிற்கிறது.

அப்படிப்பட்ட சோலைக்குள் பகலிலும் இருட்டு. மேலே இலைக்கூரை அடர்ந்திருக்கும் காட்டில், சூரிய ஒளியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தரைக்கு வந்து சேரும். அந்த மங்கலில் ஏராளமான நாற்றுகள் வளராமலும் சாகாமலும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றன. ஒரு முதிய மரம் காற்றில் சாயும்போது கூரையில் திறப்பு விழுகிறது. வெயில் தரையைத் தொடுகிறது. மண்ணின் வெப்பம் ஏறுகிறது. மண்ணுக்குள் உறங்கிய விதைகள் முளைக்கின்றன. வட்டக்கண்ணி போன்ற வேகமாக வளரும் மரங்கள் முதலில் எழுகின்றன. அவற்றின் நிழலில், மெதுவாக வளர்ந்து நீண்ட நாள் வாழும் மரங்கள் தங்கள் முறைக்கு நிமிர்கின்றன. விழுந்த மரமும் வீணாவதில்லை. அது மட்கி, பூஞ்சைக்கும் வண்டுக்கும் மண்புழுவுக்கும் உணவாகி, மண்ணாக மாறுகிறது.

இத்தகைய சிறு குலைவுகள் இல்லாவிட்டால் காட்டின் பல்வகைமை குறையும் என்பது 1978-ல் சூழலியலாளர் ஜோசப் கானல் முன்வைத்த கருதுகோள். வெப்பமண்டலக் காடுகளையும் பவளப் பாறைகளையும் ஒப்பிட்டு அவர் எழுதினார்: குலைவே இல்லாத இடத்தில் வலுவான சில இனங்கள் மற்றவற்றை நெருக்கித் தள்ளிவிடும், ஓயாத குலைவில் எதுவும் வேரூன்ற முடியாது, நடுத்தரமான குலைவில்தான் எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கும். பின்னாளில் பலர் இதைக் கேள்விக்கு உள்ளாக்கினர். எல்லாக் காடுகளிலும் இப்படி நடப்பதில்லை என்று காட்டினர். ஆனால் குலைவும் காட்டின் வாழ்க்கையின் ஓர் உறுப்பு என்ற அடிப்படைப் புரிதல் நிலைத்துவிட்டது.

ஒரு மரம் சாய்ந்த சோலை ஆறுவதற்குக் காரணம் எளிது. சுற்றிலும் தாய்மரங்கள் நிற்கின்றன. மண் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மண்ணுக்குள் விதையும் வேரும் பூஞ்சை இழையும் உயிரோடு இருக்கின்றன. விதை சுமக்கும் கொண்டைக்குருவிகள் அங்கேயே பறக்கின்றன. இழந்தது ஒரு மரம். மிஞ்சியது மொத்தக் காடும்.

தீ: எப்போது, எத்தனை முறை?

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சேர்வராயனின் கீழ்ச்சரிவுகள் காய்ந்து கிடக்கும். இலையுதிர்த்த மரங்களுக்கடியில் சருகு மெத்தையாகக் கிடக்கும். சாலையோரம் வீசியெறிந்த ஒரு பீடித் துண்டு போதும். ஏற்காட்டுச் சரிவுகளில் கோடைத் தீ என்பது அந்தப் பகுதி மக்களுக்குப் பழகிப்போன காட்சி.

தீயை முழு எதிரியாகப் பார்ப்பது இயல்பு. ஆனால் இந்த விஷயத்தில் பழங்குடி மக்களின் அறிவு நமக்குக் கற்றுத்தருவது அதிகம். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர்கள், கோடைத் தொடக்கத்திலேயே, சருகு குறைவாகவும் ஈரம் மீதமாகவும் இருக்கும்போதே, தரையோடு ஓடும் சிறு தீயை வைத்து வந்தார்கள். 1970-களில் அந்தக் காடு சரணாலயமானதும் அந்த வழக்கம் தடைசெய்யப்பட்டது. அதன் பிறகுதான் உண்ணிச்செடி என்னும் அயல்செடி காட்டை மூடியது என்று சோளகப் பெரியவர்கள் சொன்னதை, ஆய்வாளர்கள் பதிவு செய்து, களத் தரவுகளோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். சிறு தீ நின்றது. சருகும் புதரும் குவிந்தன. பிறகு வந்த தீ பெருந்தீயாக வந்தது. உண்ணிச்செடியோ தீக்குப் பிறகும் வேரிலிருந்து துளிர்த்துக்கொண்டது.

வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலங்காரச் செடியாக இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது உண்ணிச்செடி. 2020-ல் வெளியான ஓர் ஆய்வு, நம் நாட்டுப் புலிக்காடுகளில் ஏறத்தாழ 1,54,000 சதுர கிலோமீட்டரை, அதாவது நாற்பது விழுக்காட்டுக்கும் மேலான பரப்பை, அது பற்றியிருப்பதாகக் கணக்கிட்டது. குலைந்த இடத்தில் முதலில் புகுவது அதன் இயல்பு. வெட்டிய சாலையோரம், கைவிட்ட நிலம், எரிந்த சரிவு ஆகியவையே அதன் வாசல்கள். ஏற்காட்டு மலைப்பாதையின் இரு புறமும் அதைப் பார்க்கலாம்.

பருவமறிந்து வைத்த சிறு தீயில் மரமும் வேரும் மண்ணும் தப்பின. கொழுந்துவிட்ட கோடைத் தீயிலோ நாற்றுகள் மொத்தமாகக் கருகின. சாம்பலில் அயல்செடி முளைத்தது. இரண்டும் தீதான். வந்த காலமும் வலிமையும் மாறியதால் மிஞ்சியதும் மாறிவிட்டது.

காபி: பாதி கலைந்த காடு

1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காபியை நட்டார். இந்த மலையின் மிகப் பெரிய குலைவு அப்போதுதான் தொடங்கியது. அதற்கு முன்பும் மலையாளி மக்கள் சரிவுகளைத் திருத்திச் சாமை, தினை, கேழ்வரகு விதைத்தார்கள். அந்தக் கொத்துக்காடுகள் சில ஆண்டு விளைந்து, பிறகு தரிசாக விடப்பட்டு, மீண்டும் காடேறும். காபியோ வந்த இடத்தில் தங்கிவிட்டது.

ஆனாலும் காபித் தோட்டத்தைத் தேயிலைத் தோட்டத்தோடு சேர்த்துப் பேச முடியாது. அரபிகா காபியின் தாயகம் எத்தியோப்பிய மலைக்காடு. அங்கே அது பெருமரங்களின் நிழலில் வளரும் சிறுமரம். ஆகவே இங்கும் அதற்கு நிழல் வேண்டும். பழைய தோட்டக்காரர்கள் சோலையின் கீழ்ப்புதர்களை நீக்கிவிட்டு, உயர்ந்த மரங்களில் பலவற்றை அப்படியே விட்டார்கள். மேலே அத்தியும் நாவலும் பலாவும், கிளைகளில் ஆர்க்கிட்களும், கீழே காபி என்று, காடு பாதி கலைந்தும் பாதி நிலைத்தும் நின்றது.

காலப்போக்கில் அந்தக் கலப்பு நிழலின் இடத்தைச் சில்வர் ஓக் பிடித்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இந்த மரம் நேராக ஓங்கும், விரைவாக வளரும், மிளகுக் கொடி ஏற்றலாம், வெட்டி விற்கவும் எளிது. தோட்டக்காரரின் கணக்கில் அதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் காட்டின் கணக்கு வேறு. அத்திமரம் ஆண்டின் பல மாதங்களில் பறவைக்கும் வௌவாலுக்கும் பழம் தரும். சில்வர் ஓக்கில் பழம் தின்னும் பறவைக்கு எதுவும் இல்லை. பழமில்லாத இடத்துக்கு விதை சுமக்கும் பறவை வராது. பறவை வராத தோட்டத்தில் சோலையின் விதை விழாது.

நிழல் குறைந்தால் காபிக்கே ஆபத்து வருகிறது. அரபிகாவின் கொடிய எதிரியான வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டு, வெயில்படும் தண்டின் பட்டை வெடிப்புகளில் முட்டையிடும். புழு தண்டைக் குடைந்து செடியையே சாய்த்துவிடும். தாக்கிய செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இல்லை. நல்ல நிழல் உள்ள தோட்டத்தில் இந்த வண்டின் சேதம் குறைவு என்பது காபி விவசாயிகளின் அனுபவமும் ஆய்வும் ஒத்துப்போகும் இடம்.

ஒரே பயிரை மலை முழுக்க விரித்தால் என்ன ஆகும் என்பதை இலங்கை பார்த்தது. 1869-ல் அங்கே காபி இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. இருபது ஆண்டுகளில் மலையகக் காபி கிட்டத்தட்ட அழிந்து, அந்த இடத்தில் தேயிலை வந்தது. சேலம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து அங்கே கூலிக்குப் போன தமிழ்க் குடும்பங்களின் வாழ்க்கையும் அதோடு தலைகீழாக மாறியது. 1880-ல் நோயை ஆராய இலங்கை சென்ற தாவரவியலாளர் ஹாரி மார்ஷல் வார்டு, இடைவெளியில்லாமல் ஒரே பயிரை நட்டதே பூஞ்சை காற்றில் பரவ வசதியாயிற்று என்று விளக்கினார். நடுவில் மரங்கள் நின்றிருந்தால் அந்த வேகம் தடைப்பட்டிருக்கும்.

மண்ணே போய்விட்டால்?

சேர்வராயனின் உடல் சார்னோகைட் என்னும் கடும்பாறை. கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் சென்னைப் பல்லாவரத்துப் பாறையால் ஆனது. அதை வைத்துத்தான் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து இந்தப் பாறை வகைக்குப் பெயரிட்டார். சேர்வராயன் பாறையின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு.

இந்தப் பாறையின் மேல் கணக்கற்ற மழைக்காலங்கள் பெய்தன. நீர் மெல்ல மெல்லச் சிலிக்காவையும் கரையும் உப்புகளையும் அரித்துக் கொண்டுபோனது. அலுமினியமும் இரும்பும் கரையாமல் தங்கின. மலையின் தட்டையான உச்சிகளில் இப்படித் தங்கிய செம்மண் மேலோடுதான் பாக்சைட். அதில் எண்ணற்ற நுண்துளைகள் உண்டு. பெய்த மழை அவற்றில் இறங்கித் தங்கி, மாதக்கணக்கில் கீழே ஊற்றாகக் கசிகிறது. திருமணிமுத்தாறு, சரபங்கா, வாணியாறு ஆகியவை இந்த மலையிலிருந்துதான் நீர் கொண்டு போகின்றன.

1960-களில் மேட்டூரில் மால்கோ அலுமினிய ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கான பாக்சைட், ஏற்காட்டு மலையிலும் கொல்லி மலையிலும் திறந்தவெளிச் சுரங்கங்களில் வெட்டியெடுக்கப்பட்டது. 2008-ல் அந்த ஆலை அலுமினிய உற்பத்தியை நிறுத்தியது. வெட்டிய நிலங்கள் மலையில் இருக்கின்றன.

இந்தக் குலைவைப் பரப்பால் மட்டும் அளந்தால் சிறியதாகத் தெரியும். காபி பிடித்த நிலத்தோடு ஒப்பிட்டால் சுரங்கம் பிடித்தது சொற்பம். என்ன மிஞ்சியது என்ற நான்காவது கேள்வியைக் கேட்கும்போதுதான் உண்மை புலப்படுகிறது. இங்கே மரம் போனது, அதோடு வேர் போனது, விதை போனது, விதை உறங்கிய மேல்மண் போனது, அதற்கடியில் நீரைத் தாங்கிய பாக்சைட் அடுக்கும் போனது. ஒரு சென்டிமீட்டர் மண் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். பாக்சைட் அடுக்குக்குப் பல இலட்சம் ஆண்டுகள் வேண்டும். மரக்கன்று நடலாம், அடுக்கை நட முடியாது.

மண் போனால் மண்ணுக்குள் வாழும் உயிரும் போகும். சேர்வராயனில் யூரோபெல்டிஸ் ஷார்ட்டியை என்னும் பாம்பு உண்டு. 1863-ல் இயற்கையியலாளர் பெட்டோம் அதை விவரித்தார். ஈரமண்ணுக்குள் துளைத்துச் சென்று மண்புழு தின்னும், நஞ்சற்ற சிறு பாம்பு அது. 2000-ல் தாஸ், பவுர் என்னும் ஆய்வாளர்கள் விவரித்த ஒரு பகல்நேரப் பல்லிக்கு ஏற்காட்டின் பெயரே சூட்டப்பட்டது. இந்த மலையின் பெயரைத் தாங்கிய வெர்னோனியா என்னும் சிறுமரமும் மிக அரிதாகிவிட்டது. சமவெளி சூழ்ந்த தனிமலையில் பரிணமித்த இத்தகைய உயிர்களுக்கு ஓடிப்போய்த் தங்க வேறு மலை இல்லை.

மிஞ்சுவதன் மதிப்பை உலகம் இன்னோர் இடத்தில் தெளிவாகக் கண்டது. 1980 மே 18 அன்று அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்தபோது, சுற்றியிருந்த காடுகள் சாய்ந்து சாம்பலில் மூழ்கின. எல்லாம் அழிந்தது என்று எண்ணிச் சென்ற ஆய்வாளர்கள், வளைக்குள் இருந்து தப்பிய கோபர் என்னும் கொறி விலங்குகளைக் கண்டார்கள். அவை வளை தோண்டத் தோண்டப் பழைய மண் சாம்பலுக்கு மேலே வந்தது. அதில் விதைகள் முளைத்தன. அதே எரிமலையின் சரிவுகளில் மண்ணும் உயிரும் முழுக்க மூடிப்போன பகுதிகள் மிக மெதுவாகத்தான் பசுமை கண்டன. எரிமலையே ஆனாலும் அடியில் உயிருள்ள மண் மிஞ்சியிருந்தால் காடு திரும்பிவிடுகிறது.

செய்யக்கூடியவை

மலையைத் தொடவே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. ஏற்காட்டில் மக்கள் வாழ்கிறார்கள், விளைவிக்கிறார்கள், அவர்களுக்குச் சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் வேண்டும். ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால், இதற்குப் பிறகு இந்த இடத்தில் என்ன மிஞ்சும் என்று கேட்க முடியும்.

சாலையை அகலப்படுத்தும்போது இந்தக் கேள்வி உயிர் காக்கும். சரிவில் மண்ணைப் பிடித்திருப்பது வேர். அடியை வெட்டிச் செங்குத்தாக்கினால் மேலுள்ள மண் தாங்கல் இழக்கும். பெருமழையில் நீர் மண்ணின் துளைகளில் நிறைந்து அழுத்தும்போது, மண்துகள்களுக்கு இடையிலான பிடிப்பு தளர்ந்து சரிவு இறங்கும். நீர் வழிந்தோட வடிகாலும், சரிவில் ஆழ வேரோடும் நாட்டு மரமும் புல்லும் சாலைச் செலவின் பகுதியாகவே கணக்கிடப்பட வேண்டும்.

காபித் தோட்டத்தில் சில்வர் ஓக்குக்கு நடுவே அத்தியும் நாவலும் பலாவும் திரும்பி வரலாம். நாட்டு நிழல்மரம் வளர்க்கும் சிறு விவசாயிக்குக் கூடுதல் விலையோ உதவித்தொகையோ கிடைக்க வழிசெய்வது அரசின் கையில் இருக்கிறது. பழைய சுரங்க நிலத்தில் வேகமாக வளரும் ஒரே வகை மரத்தை வரிசையாக நட்டுப் பசுமைக் கணக்கு காட்டுவது போதாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1960-களிலிருந்து பாக்சைட் வெட்டும் காட்டில், மேல்மண்ணைத் தனியாக வழித்தெடுத்து, காயவிடாமல் உடனே வேறொரு வெட்டிய நிலத்தில் பரப்புகிறார்கள். விதைகளில் பெரும்பங்கு மேலே உள்ள சில சென்டிமீட்டரில்தான் இருக்கிறது என்று தெரிந்ததால் எடுத்த முடிவு அது. அங்கேகூடப் பழைய காடு அப்படியே திரும்பிவிடவில்லை. மேல்மண்ணே காக்கப்படாத இடத்தில் வேலை இன்னும் கடினம். அங்கே நாட்டுப் புல்லும் புதரும் முதலில், மரம் பிறகு என்று, பல பத்தாண்டுக்குத் திட்டமிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், மிஞ்சியிருக்கும் சோலைத் துண்டுகளையும் கோயில்காடுகளையும் ஒன்று விடாமல் வரைபடத்தில் ஏற்ற வேண்டும். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது; சேலத்தில் பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் இருக்கின்றன; காட்டை மரம் மரமாக அறிந்த மலையாளிப் பெரியவர்கள் இருக்கிறார்கள். இந்த மூன்று தரப்பும் சேர்ந்தால் இது முடியாத வேலையல்ல. இரண்டு ஏக்கர் கோயில்காடு பார்க்கச் சிறியது. ஆனால் குலைந்த மலை மீண்டும் காடாக வேண்டுமானால் விதை அங்கிருந்துதான் புறப்பட வேண்டும். அந்தத் துண்டை இழந்தபின் எத்தனை கோடி ஒதுக்கினாலும் வாங்க முடியாது. இன்று அதைக் காப்பதற்கோ ஒரு வேலியும் ஊர்க் கட்டுப்பாடும் போதும்.